பழைய வீராவில் டொக் டொக் சத்தம்: இன்ஜினா, அடிப்பாகமா?

ஜெலுத்தோங்_98
ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். இது அப்பாவின் வண்டி. 1998 புரோட்டோன் வீரா 1.5, மேனுவல் கியர், மீட்டரில் 240,000 கிலோமீட்டர். அப்பா போன வருடம் தவறிவிட்டார். வண்டியை விற்க மனம் வரவில்லை. பினாங்கில் ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் வேலைக்கு நான்தான் ஓட்டிப் போகிறேன்.

ஒரு மாதத்துக்கு மேலாக முன்பக்கத்தில் டொக் டொக் என்று சத்தம். சிக்னலில் சும்மா நிற்கும்போதே கேட்கிறது. பாலிக் புலாவ் போக துன் சார்டோன் சாலையில் ஏறினால் அது வேறு மாதிரி. சில்லறைக் காசைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோல் கிணிகிணி என்று வருகிறது. ரோட்டில் பம்பு (வேகத்தடை) ஏறி இறங்கினாலும் இடது பக்கம் டக் என்று ஓர் அடி.

பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். போர்மேன் (மெக்கானிக்) பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை. "உள்ளே பேரிங் போச்சு, ஓவர்ஹால் பண்ணணும், 3,800 வெள்ளி (ரிங்கிட்)" என்றார். வண்டியின் விலையே அவ்வளவு வருமா தெரியவில்லை. இருந்தாலும் உண்மையிலேயே தேவை என்றால் செய்யத் தயார். அதற்கு முன்னால் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

செந்தூல்காரன்
ஞாயிறு, இரவு 9.40

தம்பி, 240,000 ஓடிய இன்ஜினுக்கு ஓவர்ஹால் செலவு வீண். ஹாஃப் கட் கடையில் (பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் இடம்) அதே இன்ஜின் முழுசாகக் கிடைக்கும், தூக்கி வைத்துவிடுங்கள். நான் கோலாலம்பூரில் என் பழைய வண்டிக்கு அப்படித்தான் செய்தேன். இரண்டு நாளில் முடிந்தது.

பிறை_பட்டறை
ஞாயிறு, இரவு 10.25

செந்தூல் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே இன்னும் தெரியாது. அதற்குள் இன்ஜினையே மாற்றச் சொன்னால் எப்படி? ஹாஃப் கட் இன்ஜினின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஜெலுத்தோங் தம்பி, பிறையில் முப்பது வருடம் பட்டறை நடத்தினேன், இப்போது மகன் பார்க்கிறான். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஒரு சத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்று சத்தம் தெரிகிறது. நிற்கும்போது டொக் டொக், மலை ஏறும்போது கிணிகிணி, பம்பில் டக். இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து இருக்க முடியாது. பம்பில் வரும் சத்தத்துக்கும் பேரிங்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கீழே கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், அவசரம் வேண்டாம். டொக் டொக் காலையில் குளிர்ந்த இன்ஜினில் அதிகமா, சூடான பிறகு அதிகமா? மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்து ஒரே வேகத்தில் பிடித்தால் கூடுகிறதா, குறைகிறதா? கிளட்சை மிதித்தால் ஏதாவது மாற்றம்? ஏர்கோன் போட்டால்? கடைசியாக யார் கைவைத்தார்கள், என்ன வேலை செய்தார்கள்? அப்புறம், கருப்பு எண்ணெய் (இன்ஜின் எண்ணெய்) அளவைக் குச்சியை இழுத்துப் பார்த்தீர்களா? இதைப் பார்க்காமல் பேரிங் பற்றிப் பேசவே கூடாது. எண்ணெய் ஒரு லிட்டர் குறைந்தாலே வால்வுப் பக்கம் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பிக்கும்.

பாகான்_அக்கா
ஞாயிறு, இரவு 11.03

தம்பி, அப்பாவின் வண்டி என்று படித்ததும் மனசு என்னவோ செய்தது. நானும் என் மாமனாரின் பழைய புரோட்டோன் சாகாவை இன்னும் ஓட்டுகிறேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன். பட்டறைக்குப் போகும் முன் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரம், எந்த ரோடு, ஏர்கோன் இருந்ததா இல்லையா என்று கூடவே குறித்துக்கொள்ளுங்கள். பட்டறை வாசலில் வண்டி நின்றதும் சத்தம் ஒளிந்துகொள்ளும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது.

ஜெலுத்தோங்_98
திங்கள், இரவு 8.30

பிறை அண்ணா, நன்றி. இன்று காலையும் மாலையும் கவனித்தேன்.

எண்ணெய் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே, அளவு சரி. நிறம் பழுப்பு. ஆக்சிலேட்டர் கொடுத்து ஏறக்குறைய 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) பிடித்தால் டொக் டொக் மறைகிறது. கீழே விட்டால் திரும்ப வருகிறது. ஏர்கோன் போட்டால் சத்தம் மாறுகிறது, கம்ப்ரஸர் பிடிக்கும் அந்த நொடியில் பலமாக இரண்டு மூன்று அடி. கிளட்சை மிதித்தால் எந்த மாற்றமும் இல்லை. குளிரும் சூடும் ஒன்றுதான்.

வேலை என்றால், ஐந்து மாதத்துக்கு முன் டைமிங் பெல்ட் மாற்றினேன். அப்புறம் வண்டி இழுவை குறைவாக இருக்கிறது என்று சொல்லி வேறொரு இடத்தில் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) வைத்தார்கள். அது ஒரு மாதம் இருக்கும். இப்போது யோசித்தால், மலையில் வரும் கிணிகிணி அதற்குப் பிறகுதான் வந்தது. பெட்ரோல் எப்போதும் ரோன் 95 (ஆக்டேன் அளவு).

கிள்ளான்_லோரி
திங்கள், இரவு 9.05

பேரிங் தேய்ந்தால் கூட 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி எண்ணெய் ஊற்றினால் கொஞ்ச நாள் அடங்கும் அண்ணா. லோரியில் அப்படிச் செய்வோம்.

பிறை_பட்டறை
திங்கள், இரவு 10.10

கிள்ளான் தம்பி, அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் சத்தம்தானே அடங்குகிறது, தேய்மானம் நிற்கவில்லையே. கெட்டி எண்ணெயை நம்பி ஓட்டிய ஒரு வாடிக்கையாளர் வண்டியில் கனெக்டிங் ராட் (பிஸ்டனைப் பிடிக்கும் தண்டு) இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்தேன். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் நடுவில் ஒதுங்க இடம் தேடும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

ஜெலுத்தோங் தம்பி, நீங்கள் கொடுத்த பதில்கள் தங்கம். ஏன் என்று சொல்கிறேன்.

ராட் பேரிங் தேய்ந்த இன்ஜின் வேறு விதமாகப் பேசும். சூடாகி எண்ணெய் இளகியதும் சத்தம் கூடும். ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க அடி பலமாகும். 2,000 வரை ஏற்றிச் சட்டென்று காலை எடுத்தால் கடகடவென்று கொட்டும். உங்கள் வண்டியில் நேர்மாறாக இருக்கிறது. வேகம் பிடித்தால் மறைகிறது, ஏர்கோன் சுமை ஏறும்போது அடிக்கிறது. அதனால் உள்ளே பேரிங் என்று நான் உடனே ஒப்புக்கொள்ள மாட்டேன். பிஸ்டன் ஆடும் சத்தமாக இருந்தால் காலையில் அடித்து, சூடானதும் குறையும். அதுவும் உங்களுக்கு இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவும் அப்படித்தான். குளிரில் டிக் டிக் என்று வந்து, இரும்பு சூடாகி விரிந்ததும் அடைபடும். கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். கிளட்சை மிதித்து மாற்றம் இல்லை என்பதால் கியர்பாக்ஸ் பேரிங்கையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

நாளை நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று. நீளமான ஸ்க்ரூடிரைவர் எடுங்கள். முனையை இன்ஜினின் ஓர் இடத்தில் அழுத்தி, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வையுங்கள். மருத்துவர் நெஞ்சில் வைத்துக் கேட்பது மாதிரி. வால்வு மூடியில் ஒரு முறை, பிளாக்கின் நடுவில், எண்ணெய்த் தொட்டியின் ஓரத்தில், ஆல்டர்னேட்டர் உடலில், ஏர்கோன் கம்ப்ரஸர் பிராக்கெட்டில். எங்கே காதைக் குத்துகிறதோ அந்த இடத்தை எழுதி வையுங்கள். முழுக்கைச் சட்டை வேண்டாம், கழுத்துச் சங்கிலி வேண்டாம், பெல்ட் பக்கம் விரலைக் கொண்டு போக வேண்டாம். ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுவது, சூடானால் சொல்லாமல் சுற்றும்.

தாளத்தையும் கவனியுங்கள். ஐடிலில் (சும்மா நிற்கும் வேகத்தில்) 750 ஆர்பிஎம் என்றால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒரு நொடிக்குப் பன்னிரண்டு சுற்றுக்குமேல் போகும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அதில் பாதி, ஆறு சுற்று. கையால் எண்ண முடியாது. ஆனால் டைமிங் லைட் (பிளக் பொறியோடு மின்னும் விளக்கு) இருந்தால் முடியும். முதல் சிலிண்டர் பிளக் ஒயரில் மாட்டினால் அது கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மின்னும். ஒரு மின்னலுக்கு ஓர் அடி என்றால் மேலே வால்வுப் பக்கம். ஒரு மின்னலுக்கு இரண்டு அடி என்றால் கீழே கிராங்க்கோடு சுற்றும் ஏதோ ஒன்று. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, என் முதல் முதலாளி ஒரு சீனப் பெரியவர் கற்றுக்கொடுத்தார்.

மலைச் சத்தத்துக்கு வருகிறேன். கிணிகிணி என்பது பெட்ரோல் தானாக வெடிக்கும் சத்தம். பிளக் பற்றவைத்த தீ பரவுவதற்குள், மிச்சக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகப் பற்றிக்கொள்கிறது. டைமிங் முன்னே தள்ளி வைத்திருந்தால் வரும். உள்ளே கரி படிந்திருந்தாலும், ரேடியேட்டர் அடைத்து இன்ஜின் சூடேறினாலும், வெப்பத்தைச் சீக்கிரம் வெளியேற்றாத பிளக் போட்டாலும் வரும். இந்த வண்டிக்கு 95 போதும். ஒரு டாங்கி ரோன் 97 அடித்து அதே மலையில் ஏறிப் பாருங்கள். குறைந்தால் நாம் சரியான இடத்தில் தேடுகிறோம் என்று பொருள். சோதனைக்கு மட்டும்தான் 97, மருந்து அதுவல்ல. கிணிகிணி வரும்போது அழுத்தி மிதிக்காதீர்கள், ஒரு கியர் இறக்கிக் காலைத் தளர்த்துங்கள். விட்டுவிட்டால் பிஸ்டன் தலை உருகும்.

செந்தூல்காரன்
திங்கள், இரவு 10.48

பிறை அண்ணா, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் வண்டியிலும் இப்படி யாராவது கேட்டிருந்தால் அந்த இன்ஜினை மாற்றியே இருக்க மாட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

பாகான்_அக்கா
செவ்வாய், காலை 7.15

பம்பு சத்தத்தை யாரும் பேசவில்லையே. என் சாகாவில் பட்ட அனுபவம் சொல்கிறேன். மோசமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது பிரேக் மிதியைச் சும்மா லேசாகத் தொட்டுப் பாருங்கள், வண்டி நிற்கிற அளவுக்கு வேண்டாம். சத்தம் நின்றால் பிரேக் பேட் அல்லது கேலிப்பர் ஆடுகிறது. எனக்கு அதுதான், கேலிப்பர் பின் (கம்பி) தேய்ந்திருந்தது. நிற்கவில்லை என்றால் கீழே லோவர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் கை) பக்கம் பாருங்கள்.

கார் பார்க்கில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி மேலே ஏறும்போது கடக் கடக் என்று வரிசையாக வந்தால் டிரைவ் ஷாஃப்ட். அதையும் கேட்டு வையுங்கள்.

ஜெலுத்தோங்_98
செவ்வாய், இரவு 9.20

அக்கா, பிரேக் தொட்டும் நிற்கவில்லை. கார் பார்க்கில் எதுவும் இல்லை. அலுவலக நண்பர் ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, நான் இடது அப்சோபர் ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்தேன். அமைதி. பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்துக்குப் பின்னால் லோவர் ஆர்ம் புஷ்ஷை டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் நடுவில் வாய் பிளந்து கிடக்கிறது. கம்பியை வைத்து நெம்பினால் அதே டக்.

ஸ்க்ரூடிரைவர் வைத்தும் கேட்டேன். பிறை அண்ணா, இது எனக்கு மறக்க முடியாத அனுபவம். வால்வு மூடியில் தையல் மிஷின் ஓடுவதுபோல் சீராக இருந்தது. பிளாக் நடுவில் அடி கேட்டது, ஆனால் தூரத்தில். எண்ணெய்த் தொட்டியிலும் தூரம்தான். பெல்ட் பக்கம், கீழே டைமிங் கவர் ஓரத்தில் வைத்ததும் கை நடுங்கும் அளவுக்கு டொக் டொக் டொக். எலும்பில் அடிப்பது மாதிரி இருந்தது.

பிறை_பட்டறை
செவ்வாய், இரவு 9.55

தம்பி, வண்டியை இனி ஓட்டாதீர்கள். கிராங்க் புல்லியை, அதாவது கிராங்க் முனையில் பெல்ட் ஓட்டும் சக்கரத்தைத்தான் சந்தேகப்படுகிறேன். டைமிங் பெல்ட் மாற்ற அந்தப் புல்லியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டால், நாலைந்து மாதத்தில் மெல்லத் தளரும். புல்லி தன் சாவியில் (அதைக் கிராங்க்கோடு பூட்டும் சின்ன இரும்புத் துண்டு) முன்னும் பின்னும் அடிக்கும். அந்தச் சத்தம் அச்சு அசலாகப் பேரிங் போன சத்தம்தான், நல்ல போர்மேனே ஏமாறுவார். வேகம் பிடித்தால் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு அமைதியாகும். ஏர்கோன் கம்ப்ரஸர் பிடித்தால் பெல்ட் இழுக்கும், மறுபடி அடிக்கும். எல்லாம் பொருந்துகிறது.

இன்ஜினை நிறுத்தி, வண்டிச் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டு, கையால் புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

ஜெலுத்தோங்_98
செவ்வாய், இரவு 10.40

ஆடுகிறது!

இடது முன் சக்கரம் இருக்கும் பக்கத்தில்தான் பெல்ட். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே பிளாஸ்டிக் தடுப்பை ஒதுக்கிக் கை விட்டேன். புல்லி மட்டும் தனியாக ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் முன்னும் பின்னும் திரும்புகிறது. கிராங்க் அசையவே இல்லை. விரலில் சிவப்பு மாவு மாதிரி துருத்தூள் ஒட்டியது.

பிறை_பட்டறை
செவ்வாய், இரவு 11.02

அந்தச் சிவப்புத் தூள் இரும்பும் இரும்பும் உரசி வந்தது. அரை சென்டிமீட்டர் என்று அளந்து சொன்னீர்களே, நல்லது. புல்லியின் சுற்றளவு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் என்று வைத்தால், அரை சென்டிமீட்டர் என்பது 4.5 டிகிரி. இப்போது மலைச் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். டைமிங் வைத்தவர் லைட் அடித்துப் பார்த்தது அந்தப் புல்லியில் இருக்கும் குறியை. புல்லி நகர்ந்திருந்தால் குறி பொய் சொல்லும். அவர் பொய்க் குறியைச் சரியான கோட்டில் வைக்க டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கும் பாகம்) திருப்பினார், உண்மையான டைமிங் முன்னே போய்விட்டது. அதனால் கிணிகிணி. அவர் வேலையில் தவறில்லை, அளவுகோலே ஆடிக்கொண்டிருந்தது.

நாளை இழுவை வண்டியில் கொண்டு போங்கள். புல்லியைக் கழற்றியதும் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: புல்லியின் சாவிக்குழி, சாவி, கிராங்க்கில் இருக்கும் குழி. முதல் இரண்டும் போயிருந்தால் மாற்றினால் போதும். கிராங்க்கின் குழி அகன்றிருந்தால்தான் கவலை, நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பார்த்தாலே தெரியும். அதே போல்ட்தான் பின்னால் இருக்கும் டைமிங் பல்சக்கரத்தையும் இறுக்கிப் பிடிக்கிறது. எனவே டைமிங் பெல்ட்டின் குறிகளையும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். போல்ட் புதுசு போடுங்கள். முறுக்கும்போது டார்க் ரென்ச் வைத்து, சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கிள்ளான்_லோரி
புதன், காலை 6.50

பிறை அண்ணா, ஒரு சந்தேகம். புல்லி ஆடாமல் இருந்திருந்தால் அடுத்து என்ன பார்த்திருப்பீர்கள்? என் லோரியில் ஒன்று அடிக்கிறது, அதனால் கேட்கிறேன்.

பிறை_பட்டறை
புதன், காலை 8.15

பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட விட்டிருப்பேன். சத்தம் நின்றால் ஆல்டர்னேட்டர், கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங் பம்பு, இதில் ஒன்று. நிற்கவில்லை என்றால் பெட்ரோல் வண்டியில் ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்ப்பேன். ஒன்றைக் கழற்றியதும் அடி அடங்கினால் அந்த சிலிண்டரின் ராட் பேரிங். பிளக் ஒயரைப் பிடுங்கிச் செய்பவர்கள் உண்டு, கையில் ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக்குள் (புகை சுத்திகரிப்பான்) போகும், நான் செய்ய விடமாட்டேன்.

உங்களுடையது டீசல். அதற்கு முதலில் எண்ணெய் அழுத்தம். விளக்கு எரியவில்லை என்பதை நம்பாதீர்கள், அழுத்தம் மிகவும் கீழே போன பிறகுதான் அந்த விளக்கு எரியும். சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் மீட்டரை மாட்டி, இன்ஜின் சூடான பிறகு படியுங்கள். எண்ணெய் மாற்றும்போது வடிகட்டியை அறுத்து மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் தனி இழை போடுங்கள், பேசுவோம்.

ஜெலுத்தோங்_98
வெள்ளி, இரவு 9.30

எல்லாருக்கும் வணக்கம். நேற்று வேலை முடிந்தது. பிறையில் அண்ணாவின் மகன் பட்டறைக்கே இழுத்துப் போனேன்.

புல்லியின் சாவிக்குழி ஒரு பக்கம் அரிசி மணி அளவுக்குக் குழிந்திருந்தது. சாவி படிக்கட்டு மாதிரி தேய்ந்திருந்தது. கிராங்க்கின் குழியில் நகத்தை ஓட்டினேன், நேர்க்கோடு, தப்பித்தது. ஹாஃப் கட் கடையிலிருந்து நல்ல புல்லி 70 வெள்ளி, புதுச் சாவி, புது போல்ட். டைமிங் பெல்ட் குறிகள் சரியாகவே இருந்தன. கடைசியில் லைட் வைத்து டைமிங் பார்த்தோம். இந்த முறை குறி அசையாமல் நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம்தான் பின்னே திருப்பினார். லோவர் ஆர்ம் இரண்டு பக்கமும் மாற்றி, அலைன்மெண்டும் செய்து, எல்லாம் சேர்த்து 620 வெள்ளி ஆனது.

இன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராகத் துன் சார்டோன் ஏறினேன். ரோன் 95தான், மூன்றாவது கியர், ஏர்கோன் போட்டு, கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு. வளைவுகளில் மதில் பக்கம் ஒட்டிப் போகும்போது இன்ஜின் சத்தம் எதிரொலித்துத் திரும்பும், அதில்தான் முன்பு கிணிகிணி நன்றாகக் கேட்கும். ஒன்றும் இல்லை. பாலிக் புலாவ் இறங்கி ஒரு கடையோரம் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று கேட்டேன். அப்பா ஓட்டும்போது இருந்த அதே சத்தம்.

பிறை அண்ணா, உங்கள் மகன் பழைய சாவியையும் போல்ட்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். வைத்திருக்கிறேன்.

பாகான்_அக்கா
வெள்ளி, இரவு 9.52

நல்ல செய்தி தம்பி. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அந்த போல்ட்டை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

பிறை_பட்டறை
வெள்ளி, இரவு 10.20

அக்கா சொல்வது சரி. போல்ட்டிலும் புல்லியிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போடச் சொல்லியிருந்தேன், மகன் போட்டிருப்பான். சக்கரம் கழற்றும்போதெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு நேராக இருக்கும் வரை ஓட்டுங்கள்.